நண்பரோடு இயேசுவைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறவர்களுக்கு: முதலில் கேளுங்கள், அப்புறம் பேசுங்கள்

பல வருடங்களுக்கு முன் என் நண்பனின் அப்பா ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். ராத்திரி 11 மணி இருக்கும். வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் போய் அவன் தோளில் கை வைத்தேன், பையிலிருந்து ஒரு கைப்பிரதியை எடுத்து நீட்டினேன். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்று மேலே பெரிய எழுத்தில் இருந்தது. அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நிமிஷத்தில் நான் கிளம்பிவிட்டேன், நல்ல காரியம் ஒன்று செய்துவிட்ட நிம்மதியோடு.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் அவனே சொன்னான்: "அன்னைக்கு நீ பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்னு இருந்துச்சுடா. நீ பேப்பர் குடுத்துட்டுப் போயிட்ட." அதில் கோபம் இல்லை, அதனால்தான் இன்னும் வலித்தது.

யோபுவின் நண்பர்கள் பின்னால் வாய் திறந்து எவ்வளவோ தவறாகப் பேசினார்கள், ஆனால் முதல் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அது ஞாபகம் வரவில்லை.

அந்த இரவுக்கு அப்புறம் மெதுவாகக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோவிலுக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன் (நெல்லைப் பக்கம் நாங்கள் சர்ச்சைக் கோவில் என்றுதான் சொல்வோம்). இந்து நண்பர்கள், முஸ்லிம் நண்பர்கள், சாமியே இல்லை என்கிற நண்பர்கள் எல்லோருக்கும் நடுவில் வாழ்ந்துகொண்டு, நம் உயிருக்கு உயிரான ஒரு விஷயத்தை இவர்களிடம் மட்டும் பேசாமல் இருக்கிறோமே என்று மனசு உறுத்துகிறவர்களுக்காக. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம்தான். அதாவது கன்னியாகுமரி போன்ற மாவட்டங்களை விட்டுவிட்டால், நம் தெருவிலும் ஆபீஸிலும் நம்மைச் சுற்றி இருக்கிற பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற ஒரே ஜன்னல் நாமாகத்தான் இருப்போம்.

1. முதலில் உங்கள் மனசைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்த நண்பர் கடைசிவரை கோவில் பக்கம் வரவே மாட்டார் என்று இப்போதே தெரிந்துவிட்டால், நாளைக்கும் அவரோடு டீ குடிக்கப் போவீர்களா? தயக்கம் வந்தால் பேசுவதைத் தள்ளிப் போடுங்கள். அவர் உங்களுக்கு நண்பராக இருப்பதை விட்டு, முடிக்க வேண்டிய ஒரு வேலையாக மாறிவிட்டார் என்று அர்த்தம். மனிதர்கள் இதை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

இயேசுவிடம் வந்த பணக்கார வாலிபன் துக்கத்தோடு திரும்பிப் போனான். மாற்கு சொல்கிறபடி இயேசு அவன்மேல் அன்புகூர்ந்தார், ஆனால் பின்னாலேயே ஓடிப்போய் நிபந்தனையைக் குறைக்கவில்லை. யோவான் 6ல் தம்முடைய பன்னிரண்டு பேரையே பார்த்து "நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ" என்று கேட்கிறார். போகிறவர்களுக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தவர் அவர். நாம் மட்டும் ஏன் தாழ்ப்பாள் போட வேண்டும்?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசியல் சாசனத்தின் 25வது பிரிவு மனசாட்சி சுதந்திரத்தையும், தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையையும் எல்லோருக்கும் தருகிறது. 1977ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் தன் மதத்தின் கொள்கைகளை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மதம் மாற்றுகிற உரிமை அதில் அடங்காது என்று தீர்ப்பு சொன்னது. வேறு சில மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. தமிழ்நாட்டில் 2002ல் ஒன்று வந்து பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து ஒழுங்காக நடக்க வேண்டிய விஷயம் இல்லை இது. பணம், வேலை, பிள்ளைக்கு ஸ்கூல் சீட், "ஜெபம் பண்ணினா வியாதி போயிடும்" என்கிற உத்தரவாதம் இவற்றில் ஏதாவது ஒன்று பேச்சுக்குள் வந்துவிட்டால் அது சுவிசேஷமே கிடையாது. உதவி செய்ய வேண்டியிருந்தால் செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் அந்த வாரத்தில் இயேசுவைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.

இன்னும் இரண்டு இடங்களில் வேண்டவே வேண்டாம். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவரிடம் நீங்களாகப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள், அவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளிடம் அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் பேசாதீர்கள்.

2. அவருடைய வீட்டுக்கு நீங்கள் முதலில் போங்கள்

தரங்கம்பாடிக்கு 1706 ஜூலையில் கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவுக்கு அப்போது சுமார் 24 வயது, தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. உள்ளூர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி படித்தார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, 1708லேயே அவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டார். அப்புறம் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார், உங்கள் வழிபாடு எப்படி, கிறிஸ்தவர்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம். வந்த பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஊருக்கு அனுப்பினார், ஐரோப்பியர்களின் நடத்தையைக் கண்டித்து எழுதியிருந்ததையும் சேர்த்து. தமிழ் புதிய ஏற்பாட்டை 1715ல் அச்சிட்டு முடித்தவர் அவர்தான், ஆனால் தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி அவர் கவனமாகக் கேட்டு எழுதிய புத்தகத்தை அவரை அனுப்பியவர்கள் அச்சுப் போட மறுத்துவிட்டார்கள். அது 1867ல்தான் வெளிவந்தது. அவர் எழுதியதில் நான் ஒத்துக்கொள்ளாத இடங்களும் உண்டு. ஆனாலும் பேச வந்த மனுஷன் முதலில் கேட்டான் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. வினவுவதற்கும் செவி கொடுப்பதற்கும் நமக்கு ஒரே சொல்தான்: கேள். கேள்வி கேட்டவன் பதிலையும் கேட்க வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அதனால் நவராத்திரிக்குக் கொலு பார்க்கக் கூப்பிட்டால் போங்கள். நோன்புக் கஞ்சிக்குக் கூப்பிட்டால் போங்கள். "இந்தப் பொம்மையை ஏன் இந்தப் படியில் வைக்கிறீங்க?" என்று அவருடைய அம்மாவிடம் கேளுங்கள், பதிலை முழுக்கக் கேளுங்கள், நடுவில் "எங்க பைபிள்ல..." என்று தொடங்காதீர்கள். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிற நண்பரிடம் அந்த விரத நாட்களில் மனசுக்குள் என்ன மாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? நான் ஒருவரிடம் கேட்டேன். அதுவரை இதை யாரும் அவரிடம் கேட்டதே இல்லையாம், முக்கால் மணி நேரம் பேசினார். பக்தி, அடக்கம், பயம், ஏக்கம் எல்லாம் அதில் இருந்தன, என் லெந்து காலத்தைப் பற்றி நானே வெட்கப்படுகிற அளவுக்கு.

பிரசாதம் ஒரு தனிச் சங்கடம். விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று கொரிந்து சபையிலேயே தகராறு இருந்தது, பவுல் முதலாம் கொரிந்தியரில் 8ஆம் அதிகாரத்திலும் 10ஆம் அதிகாரத்திலும் எழுதுகிறார். இன்றைக்கும் நம் ஆட்களில் சாப்பிடுகிறவர்கள் உண்டு, சாப்பிடாதவர்கள் உண்டு. உங்கள் மனசாட்சி எதுவோ அதன்படி இருங்கள். சாப்பிட மாட்டீர்கள் என்றால் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்: "அம்மா, இது எங்க விசுவாசத்துல ஒரு கட்டுப்பாடு, உங்க மேல மரியாதைக் குறைவு இல்ல. சுண்டலைப் படைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு கரண்டி எடுத்து வைச்சீங்கன்னா வந்து சாப்பிடுறேன்." வாங்கிக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போடுவதுதான் பாவம். அதைப் பார்த்த ஒரு பையன் பெரியவனாகி என் நண்பனாகவும் ஆனான். அந்தச் சுண்டல் பொட்டலத்தை அவன் இன்னும் மறக்கவில்லை.

3. அனுமதி கேளுங்கள், இடம் பாருங்கள்

திடீரென்று பேச்சைத் திருப்பி இயேசுவிடம் கொண்டுபோவதில் சிலர் கெட்டிக்காரர்கள். மழையைப் பற்றிப் பேசினால் நோவா, மீன்குழம்பைப் பற்றிப் பேசினால் பேதுரு. நண்பர்களுக்கு இது பொறி மாதிரி தெரியும். நேராகக் கேட்பது எவ்வளவோ மேல்:

"உன்கிட்ட ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். சாமி, நம்பிக்கை இதைப் பத்தியெல்லாம் நாம பேசினதே இல்லை. நீ என்ன நம்புறன்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும், நான் என்ன நம்புறேன்னும் சொல்லணும். இஷ்டம்னா பேசலாம், இல்லேன்னா விட்டுடலாம், நமக்குள்ள ஒண்ணும் மாறாது."

கடைசி வரியை மனசாரச் சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள்.

இடம்? டீக்கடை நல்லது. பீச்சில் நடக்கும்போது இன்னும் நல்லது, ஏனென்றால் நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, கடினமான விஷயங்கள் தானாக வெளியே வரும். எம்மாவு ஊருக்குப் போகிற வழியில் நடந்துகொண்டே பேசிய அந்த இரண்டு பேரிடம் உயிர்த்தெழுந்த இயேசு பக்கத்தில் போய் முதலில் செய்தது, என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டதுதான். விளக்கமெல்லாம் அப்புறம். ஆபீஸ் கேன்டீனில் பத்துப் பேர் நடுவில் வேண்டாம், அங்கே பேச்சு பட்டிமன்றமாகிவிடும். சாவு வீட்டில் வேண்டாம். ஆஸ்பத்திரியில் வேண்டவே வேண்டாம், அங்கே ஃபிளாஸ்கில் காபி வாங்கிக்கொண்டு போங்கள், ராத்திரி துணைக்கு நீங்கள் தங்கிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பித் தூங்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் தினம் காலை ஐந்தரைக்கு வசனப் படம் அனுப்புகிறவர்களுக்கு அன்பாக ஒரு வேண்டுகோள்: நிறுத்திவிடுங்கள். பெரும்பாலானவர்கள் அதைத் திறக்காமலேயே தள்ளிவிடுகிறார்கள், கொஞ்ச நாளில் உங்கள் பெயரையும் சேர்த்து.

4. கோவில் பாஷையைக் கழற்றி வையுங்கள்

இதில்தான் நாம் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். "கர்த்தர் என் பாரத்தைக் கிருபையாய் நீக்கி, ஆவிக்குரிய ஜீவியத்தில் நடத்தினார், அல்லேலூயா" என்று ஒரு சாட்சிக் கூட்டத்தில் சொன்னால் எல்லோருக்கும் புரியும். அதையே டீக்கடையில் சொன்னால்? எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியும், ஆனால் இந்தத் தமிழ் தெரியாது. நம் பழைய மொழிபெயர்ப்பின் அந்த நடையில் வளர்ந்தவன் நான், அதன் ஓசை கேட்டால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும். ஆனால் அது என் வீட்டு வாசனை. நண்பருக்கு அது யாரோ ஒருவர் வீட்டு வாசனை.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: பாவம். நமக்கு அது கடவுளோடு உறவு அறுந்துபோன நிலை. ஆனால் தெருவில் அந்தச் சொல் எப்படியெல்லாம் புழங்குகிறது பாருங்கள். "பாவம், அந்தப் பொண்ணு" என்றால் இரக்கம். "அடப்பாவி" என்றால் ஆச்சரியம், சில சமயம் செல்லம்கூட. "போன ஜென்மத்துப் பாவம்" என்றால் கர்மவினை. "படுபாவி" என்றால் வசை. இவ்வளவும் காதில் இருக்கிற ஒருவரிடம் போய் "நாமெல்லாம் பாவிகள்" என்று சொன்னால், ஒன்று அவரைத் திட்டுகிறீர்கள் என்று நினைப்பார், இல்லையென்றால் அவருடைய கஷ்டமெல்லாம் அவர் செய்த வினைதான் என்று சொல்வதாக எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல வந்தது இரண்டும் இல்லை. நான் இப்போது இப்படிச் சொல்கிறேன்: "நல்லது எதுன்னு எனக்குத் தெரியுது, ஆனா அதைச் செய்ய முடியலை. எனக்குப் பிடிச்சவங்களையே காயப்படுத்துறேன். என்னை நானே சரிபண்ணிக்க முடியலை." இதற்குத் தலையாட்டாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்புறம் தேவைப்பட்டால் "இதைத்தான் பைபிள் பாவம்னு சொல்லுது" என்று சேர்த்துக்கொள்ளலாம்.

இரட்சிப்பு என்பதை "மீட்டு எடுப்பது" என்று சொல்லலாம். அடகு வைத்த நகையை மீட்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த காரியம், அந்த நகை கைக்குத் திரும்பி வருகிற நாளின் சந்தோஷமும் தெரிந்ததுதான். கிருபையை விளக்குவதற்குப் பதிலாக, மகன் தூரத்தில் வரும்போதே அப்பா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்த கதையைச் சொல்லிவிடுவது நல்லது. ஊழியம், அபிஷேகம், பாரம், கட்டுகள், இவற்றையெல்லாம் விட்டுவிட்டே பேசலாம், ஒன்றும் குறைந்துவிடாது. "கர்த்தர்" என்பதைக் "கடவுள்" என்று சொன்னால் விசுவாசம் நீர்த்துப் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் முன்சீபாக இருந்த அந்தக் கத்தோலிக்கர் எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய தமிழில் கடவுளைப் பாடினார், கச்சேரி மேடைகளில் அவருடைய பாட்டுகளை இன்றும் பாடுகிறார்கள்.

5. உங்கள் கதையைச் சின்னதாகச் சொல்லுங்கள்

ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். உங்களுக்கு என்ன நடந்தது, உள்ளுக்குள் என்ன மாறியது, எது இன்னும் மாறவில்லை. கடைசியில் சொன்னதைத்தான் நாம் விழுங்கிவிடுகிறோம். சாட்சி என்றாலே கடன் அடைந்தது, வியாதி குணமானது, விசா கிடைத்தது என்று பழகிப்போனோம். ஆனால் நண்பருக்குத் தெரியும், உங்கள் தங்கைக்கு இன்னும் குழந்தை இல்லை, உங்கள் அப்பாவுக்காக நீங்கள் ஜெபித்தும் அவர் இறந்துபோனார். அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் உங்கள் கதை விளம்பரம் மாதிரி ஆகிவிடும். பதில் வராத ஜெபத்தோடும் நான் ஏன் இன்னும் ஜெபிக்கிறேன் என்று சொல்லத் தெரிந்தால் அதுவே பெரிய சாட்சி.

கோவிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அப்படியில்லை. ஞாயிறு பள்ளியில் படித்தது எப்போது உங்களுக்குச் சொந்தமாயிற்று, அந்த ஒரு நாளை மட்டும் சொல்லுங்கள்.

6. அவர் கேட்கப் போகிற கேள்விகள்

இங்கே அவசரப்படாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், "விசாரிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லி நிஜமாகவே விசாரித்துக்கொண்டு போங்கள்.

"காசு குடுத்து மதம் மாத்துறாங்களாமே?" முதல் நாளிலேயே வருகிற கேள்வி இது. கோபப்படாதீர்கள். ஆசை காட்டி ஆள் சேர்ப்பது நடந்தால் அது தப்பு, நானும் எதிர்க்கிறேன் என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் குடும்பம் எப்படி வந்தது என்று சொல்லுங்கள், தெரியாவிட்டால் வீட்டில் தாத்தா பாட்டியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காசுக்காக இல்லாமல் வந்தவர்கள் எத்தனையோ பேர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த வைணவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858ல் ஞானஸ்நானம் பெற்றார், பின்னால் கம்பன் நடையில் காவியமே எழுதினார்.

"வெள்ளைக்காரன் மதம்தானே?" ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கேரளக் கரையில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். இயேசு ஆசியாக்காரர். ஆனால் காலனி ஆட்சியோடு கைகோத்துக்கொண்டு சபை நடந்த காலமும் உண்டு, அதையும் ஒத்துக்கொள்ளுங்கள்.

"எல்லா சாமியும் ஒண்ணுதானே?" இதை வாதமாக்காதீர்கள். பல சமயம் இது கேள்வியே இல்லை, "நமக்குள்ள சண்டை வேண்டாம்" என்கிற அன்பு. அந்த அன்புக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். அப்புறம் "எனக்கு இயேசு ஏன் தனியாத் தெரியறாருன்னு மட்டும் சொல்றேன்" என்று சிலுவையைப் பற்றிச் சொல்லுங்கள். அவருடைய சாமியைச் சாத்தான், பேய் என்று யாராவது சொல்லி அவர் கேட்டிருந்தால், அதற்காக மன்னிப்புக் கேளுங்கள். நீங்கள் சொல்லவில்லை என்றாலும் கேளுங்கள்.

"உங்க சர்ச்சிலயும் சாதி இருக்கே?" இருக்கிறது. தனித்தனிக் கல்லறை, சாதி பார்த்துக் கல்யாணம், சபைத் தேர்தலில் சாதிக் கூட்டு. இதை மூடி மறைத்து "கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று" என்று வசனம் சொன்னால், அந்த வசனமே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும். வெட்கத்தோடு ஒத்துக்கொள்ளுங்கள். உங்கள் சபையில் இதற்கு எதிராக நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டால் சொல்வதற்கு ஏதாவது இருக்கட்டும்.

நண்பர் தலித்தாக இருந்தால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி அந்தஸ்தை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் அவருடைய வேலையையும் பிள்ளைகளின் படிப்பையும் தொடுகிற விஷயம். ஞானஸ்நானத்துக்கு அப்புறம் அவர் இதைக் கண்டுபிடிக்கும்படி விடுவது துரோகம்.

"கடவுள் இருந்தா அந்தக் குழந்தைக்கு ஏன் கேன்சர்?" பதில் சொல்லாதீர்கள். யாருடைய குழந்தை என்று கேளுங்கள்.

7. சேர்ந்து வாசியுங்கள்

பேசுவதிலிருந்து வாசிப்பதற்குப் போவது பெரிய தாண்டல் இல்லை. "இயேசுவைப் பத்தி மத்தவங்க சொன்னதைத்தான் நாம கேட்டிருக்கோம், நேரா ஒரு தடவை வாசிச்சுப் பாக்கலாமா?" என்று கேளுங்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், ஒரே உட்காரலில் படித்துவிடலாம். அது பெரிதாகத் தோன்றினால் லூக்கா 15 போதும். ஆதியாகமத்தில் ஆரம்பிக்காதீர்கள், வெளிப்படுத்தலில் நிச்சயமாக வேண்டாம்.

மொழிபெயர்ப்பு முக்கியம். பழைய பதிப்பைக் கொடுத்தால் அவர் மூன்றாவது வசனத்தில் நின்றுவிடுவார். 1995ல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இன்றைய தமிழுக்கு நெருக்கம், அதைக் கொடுங்கள். தோல் அட்டை போட்டு, உங்கள் அடிக்கோடுகள் நிறைந்த பைபிளைக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு பகுதியை மட்டும் தாளில் எடுத்துக் கொடுத்தால் அவர் கேள்விக்குறி போடுவார், கோபமாகக்கூட எழுதுவார், அது நல்லது.

ஒரு பகுதியை வாசித்துவிட்டு நான் கேட்பது இவ்வளவுதான்: எது பிடிச்சுது? எது இடிச்சுது? இதுல நீ யாரு? லூக்கா 15ஐ வாசித்த ஒரு அக்கா, வீட்டை விட்டுப் போன இளைய மகனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெளியே நின்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மூத்தவனைப் பற்றியே அழுதுகொண்டு பேசினார், வீட்டில் எல்லாப் பாரத்தையும் சுமந்தவர் அவர்தான். எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த மூத்த மகன் எனக்கு அன்றுதான் கண்ணில் பட்டான். அப்படி அவர்கள் வாசிப்பதிலிருந்து நீங்களும் கற்றுக்கொள்ளத் தயாராக இருங்கள், நடிக்காமல்.

நாலைந்து பேராகச் சேர்ந்து வாசிக்க ஆசை வந்தால் உங்கள் வீட்டு மாடியில் டீ, சுண்டலோடு உட்காருங்கள். எதற்காகக் கூப்பிடுகிறீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பிறந்தநாள் விருந்து என்று வரச் சொல்லி நடுவில் பாஸ்டரைப் பேச வைப்பது ஏமாற்று வேலை. கிறிஸ்தவர்கள் பாதிக்கு மேல் இருக்க வேண்டாம், ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள்.

8. கோவிலுக்குக் கூப்பிடுவது

பிலிப்பு நாத்தான்வேலிடம் வாதம் செய்யவில்லை, "வந்து பார்" என்றான். அவ்வளவு எளிமையாகக் கூப்பிடலாம். திருநெல்வேலிப் பக்கமாக இருந்தால் அசனத்துக்குக் கூப்பிடுங்கள். ஊரே பந்தியில் உட்கார்ந்து சோறும் குழம்பும் சாப்பிடுகிற இடத்தில் யாரும் அந்நியராக உணர்வதில்லை. கிறிஸ்மஸ் பாட்டு ஆராதனையும் நல்லது. ஏற்கெனவே செப்டம்பர் 8க்கு வேளாங்கண்ணி போய் வருகிற நண்பராக இருந்தால் அவர் உங்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: எவ்வளவு நேரம் ஆகும், செருப்பை எங்கே விடுவது, காணிக்கைப் பை வந்தால் அவர் எதுவும் போட வேண்டியதில்லை, திருவிருந்து நேரத்தில் உட்கார்ந்தே இருக்கலாம். "புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று சொல்லும் பழக்கம் உங்கள் சபையில் இருந்தால் முன்கூட்டியே போதகரிடம் பேசித் தடுத்துவிடுங்கள். பாடகர் குழுவில் பாடுகிறவராக இருந்தாலும் அன்றைக்கு நண்பர் பக்கத்திலேயே உட்காருங்கள்.

9. அவர் "வேண்டாம்" என்றால், அல்லது "வேண்டும்" என்றால்

வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த நாள் வழக்கம்போல டீக்கடைக்குப் போங்கள், கிரிக்கெட் பேசுங்கள், அவருக்காகத் தனியே ஜெபியுங்கள், அதை அவரிடம் சொல்லிக் காட்டாதீர்கள்.

வேண்டும் என்றாலும் அவசரப்படுத்தாதீர்கள். அவருக்கு அம்மா இருக்கிறார், ஊர் இருக்கிறது, குலதெய்வப் பொங்கல் இருக்கிறது. முதலில் அம்மாவிடம் அவரே பேசட்டும். பேரை மாற்றச் சொல்லாதீர்கள், வீட்டுச் சாமி படங்களை எடுக்கச் சொல்லி ஆளனுப்பாதீர்கள். மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். பேதுரு எழுதுகிறார்: "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு, சாந்தத்தோடு, வணக்கத்தோடு. இந்த மூன்றையும் நான் என் மேசைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த நண்பன் கிறிஸ்தவனாகவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறான். போன மாதம் அவனாகவே கேட்டு மாற்குவை வாங்கிக்கொண்டு போனான். நேற்று ராத்திரி அவனிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: "15ஆவது அதிகாரத்துல நிக்கிறேன். என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்னு அவரே கேக்குறாரே. எங்கப்பா செத்த அன்னைக்கு நான் கேட்ட அதே கேள்விடா. நாளைக்குப் பேசலாமா?"

சாயங்காலம் ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், வழக்கமான கடைக்கு.